கடற்கரைக் களஞ்சியத்துக்கு எந்தச் சில்லு? தள்ளுவண்டில் சில்லுகளின் ஒப்பீடு

கல்முனையில், கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள அரிசி மொத்த விற்பனைக் களஞ்சியம் ஒன்றுக்கு நான்கு தள்ளுவண்டில்கள் செய்து தரும்படி எங்கள் பட்டறையிடம் கேட்டிருந்தார்கள். அளவெடுக்கச் சென்ற அன்று, பின்சுவரோரம் மூன்று பழைய வண்டில்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். சட்டங்கள் நேராக இருந்தன, மேற்பலகைகள் உடையவில்லை, சில்லுகளின் றப்பர்கூடப் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. மூட்டை ஏற்றி இறக்கும் தம்பி ஒருவரிடம் என்ன பழுது என்று விசாரித்தேன். "அண்ணன், தள்ள ஏலும், திருப்பத்தான் ஏலாது" என்றார். வண்டிலைக் கவிழ்த்துச் சில்லுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தபோது அவர் சொன்னது விளங்கியது. சில்லுகள் தத்தம் அச்சில் தாராளமாக உருண்டன. அவற்றைத் தாங்கும் கவை, மேல்தட்டோடு இணையும் இடத்தில் கறளேறி இறுகிப்போயிருந்தது.

இந்த ஒப்பீட்டை அந்த இறுகிப்போன இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன். வண்டிலின் அடியில் பூட்டும் காஸ்டர் சில்லு வாங்கக் கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் இரண்டு விடயங்களைத்தான் பார்க்கிறார்: சில்லு எந்தப் பொருளால் ஆனது, பெட்டியில் எத்தனை கிலோ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டும் தேவையான கேள்விகளே. எனினும் மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று ஏ4 நெடுஞ்சாலை தொட்டுச் செல்லும் இந்தக் கரையோரத்தில், ஒரு பக்கம் கடலும் பல இடங்களில் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் மண்ணில், சில்லு தேய்வதற்கு நெடுங்காலம் முன்பே அதன் கழுத்து செத்துப்போகிறது. எனவே எந்தத் தெரிவை எடுத்தாலும், அது கழுத்துக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியைக் கூடவே கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். வண்டிலின் சட்டத்தில் பூட்டப்படும் நாற்சதுரத் தகடு தட்டு. சில்லை இருபுறமும் பிடித்திருப்பது கவை. கவையும் தட்டும் சந்திக்கும் இடத்தில், சிறு உருக்குக் குண்டுகள் ஓடும் வளையங்களைக் கொண்ட பகுதி கழுத்து. கழுத்து உள்ள சில்லு எப்பக்கமும் திரும்பும். அதைச் சுழல்சில்லு என்போம். கழுத்தில்லாமல் கவை நேராகத் தட்டோடு ஒட்டப்பட்டிருந்தால் அது நிலைச்சில்லு.

தரையும் காற்றும்

விலைப்பட்டியலைத் திறக்குமுன் வண்டில் ஓடப்போகும் பாதையை ஒருமுறை முழுவதுமாக நடந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அந்தக் களஞ்சியத்தின் உட்புறம் சிமெந்துத் தரை. ஆங்காங்கே வெடிப்பு இருந்தாலும் மொத்தத்தில் மட்டமானது. வாசலில் இழுவைக் கதவு ஓடும் இரும்புத் தண்டு, தரைக்கு மேலே ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் இன்டர்லொக் கல் பதித்த முற்றம், கல்லிடுக்கெல்லாம் மணல். முற்றத்தின் கோடியில் லொறியின் பின்கதவுக்கு ஏறும் சாய்வுப்பாதை. ஒரே வண்டில் இந்த நான்கையும் கடக்க வேண்டும் என்பதுதான் அங்குள்ளவர்களின் எதிர்பார்ப்பு. நான்குக்கும் ஒருங்கே பொருந்தும் சில்லு கிடையாது என்பதை நாங்கள் முதலிலேயே சொல்லிவிட்டோம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும் மழையில், களஞ்சியத்துக்குள் நீர் புகாவிட்டாலும் ஈரம் புகுந்துவிடுகிறது. உப்புத்துகள் கலந்த அந்த ஈரம் இரும்பில் படிந்து, காய்ந்து, மீண்டும் நனைகிறது. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் கச்சான் காற்று மண்ணை உலர்த்தி, மணலையும் தூசியையும் கிளப்பிக் கிறீஸ் உள்ள இடமெல்லாம் ஒட்டவைக்கிறது. உப்பு அரிக்கிறது, மணல் அராவுகிறது. இரண்டும் சேருமிடம் கழுத்து. கரையிலிருந்து உள்ளே, அம்பாறை நகரை அண்டிய நெல் ஆலைகளில் உப்பு குறைவு. அங்கே உமித்தூசும் தவிடும் அச்சைச் சுற்றிப் பொதிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வேறு எதிரிகள்.

நிறைக் கணக்கு

வண்டிலின் சொந்த நிறை 30 கிலோ, 50 கிலோ மூட்டைகள் எட்டு ஏற்றினால் 400 கிலோ, மொத்தம் 430. நான்கு சில்லுகள் இருப்பதால் நான்கால் வகுத்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 108 கிலோ தாங்கினால் போதும் என்று எண்ணுவது பொதுவான பிழை. மேடுபள்ளமுள்ள தரையில் பல வேளைகளில் மூன்று சில்லுகளே நிலத்தில் அழுந்தியிருக்கும், நான்காவது தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மூன்றால் வகுக்க வேண்டும். 143 கிலோ வருகிறது. தண்டிலும் கல்லிடுக்கிலும் மோதும் அதிர்ச்சிக்காக அதை ஒன்றரை மடங்காக்கினால் 215 கிலோ. பெட்டியில் 200 என்று எழுதியிருக்கும் சில்லை விட்டுவிட்டு 250 என்று எழுதியிருப்பதை எடுக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கின் பொருள்.

பெட்டியிலுள்ள எண் எந்த நிலைமைக்கு உரியது என்பதும் முக்கியம். கையால் தள்ளும் தொழிற்சாலை வண்டில்களின் சில்லுகளுக்கு 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஐஎஸ்ஓ 22883 நியமம், மணிக்கு 4 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்துக்கு உரியது. வண்டிலை முச்சக்கரவண்டியின் பின்னால் கட்டி இழுத்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. இப்படி இழுத்துச் செல்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கழுத்து கழன்று மூட்டைகள் தெருவில் சரிந்ததையும் கண்டிருக்கிறேன்.

எத்தனை அங்குலம்?

சில்லின் பருமனைத் தெரிவுசெய்யும்போது விலையைப் பார்த்துச் சிறியதை எடுப்பவர்கள், தள்ளுபவரின் இடுப்பில் அந்தச் செலவை ஏற்றுகிறார்கள். இதை எண்களாலேயே காட்டலாம். ஒரு முன்சில்லின் மீது 100 கிலோ பாரம் இருக்கிறது. அது 10 மில்லிமீற்றர் உயரமான தண்டின் முன் நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து மெதுவாகத் தள்ளி ஏற்ற வேண்டும் என்று கொள்வோம். சில்லு கெட்டியானதாக இருந்தால், அச்சின் உயரத்தில் கிடையாகக் கொடுக்க வேண்டிய விசை 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லுக்கு ஏறத்தாழ 93 கிலோ. 100 மில்லிமீற்றர் சில்லுக்கு 75 கிலோ. 150 மில்லிமீற்றருக்கு 58. 200 மில்லிமீற்றருக்கு 48. பாரம் மாறவில்லை, தண்டு மாறவில்லை. விட்டம் இரட்டித்ததால் மட்டும் 75 கிலோ 48 ஆகக் குறைகிறது. ஓடிவரும் வேகமும் மென்மையான றப்பரும் இந்த விசையை மேலும் குறைக்கும் என்றாலும், பெரிய சில்லுக்குக் குறைந்த விசையே போதும் என்பது மாறாது.

பெரிய சில்லுக்கு ஒரு விலை உண்டு. வண்டிலின் தளம் உயர்கிறது. மூட்டையைக் கூடுதல் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. சுழல்சில்லு தன்னைச் சுற்றித் திரும்புவதற்குச் சட்டத்துக்குக் கீழே அகலமான வெற்றிடமும் தேவை. மூட்டை வண்டிலுக்கு 150 மில்லிமீற்றர் நல்ல நடுநிலை என்பதே எனது முடிவு. 100 மில்லிமீற்றருக்குக் கீழே எதையும் மூட்டை வண்டிலுக்குப் போட எங்கள் பட்டறை இப்போது சம்மதிப்பதில்லை.

சாய்வுப்பாதையை எந்தச் சில்லாலும் வெல்ல முடியாது. 12 அடிக்கு 1 அடி உயரும் பாதையில் 430 கிலோவை ஏற்றும்போது, உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறத்தாழ 36 கிலோ விசை வேண்டும். அங்கே பாதி மூட்டைகளோடு இரண்டு முறை போவதுதான் சரியான தீர்வு.

சில்லின் மேற்பரப்பு: ஐந்து தெரிவுகள்

கறுப்பு றப்பர் எல்லோருக்கும் பழக்கமானது. ஓசை எழுப்பாது, சிறு கல்லை அமுக்கிக்கொண்டு கடந்துவிடும், தரையைக் காயப்படுத்தாது, விலையும் குறைவு. அதிர்ச்சியைத் தானே விழுங்கிக்கொள்வதால் கழுத்துக்கும் நல்லது. ஆனால் பாரம் ஏறஏற அது நசுங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிவதில் தள்ளுபவரின் உழைப்பு வீணாகிறது. ஏற்றிய வண்டில் நாட்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பகுதி தட்டையாகி, பிறகு ஓடும்போது தடதடக்கிறது. இயற்கை றப்பரை எண்ணெயும் டீசலும் வீங்கவைக்கும். வெயிலும் ஓசோனும் வெடிக்கவைக்கும். வெள்ளை ரைல் தரையில் கறுப்புக் கோடு விழுவதைக் கண்டு கடைக்காரர்கள் முறையிடுவதும் உண்டு.

நைலோன் இதற்கு நேர் எதிர். மட்டமான சிமெந்துத் தரையில் அதைப்போல் இலேசாக ஓடுவது அரிது, பாரத்தில் நசுங்காது, எண்ணெயோ உப்போ அதைத் தீண்டுவதில்லை. இக்காரணங்களுக்காகப் பலர் அதைப் பரிந்துரைக்கிறார்கள். எனது தயக்கம் இரண்டு. முதலாவது, நைலோன் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே வீங்கும் இயல்புடையது. பெயாரிங் இல்லாமல் வெறும் துளையில் அச்சு ஓடும் மலிவான நைலோன் சில்லுகள் மழைக்காலத்தில் இறுகுவது இதனால். இரண்டாவது காரணம் பெரியது. கெட்டியான சில்லு எந்த அதிர்ச்சியையும் தன்னில் வைத்துக்கொள்வதில்லை. இன்டர்லொக் கல்லின் ஒவ்வொரு இடுக்கும் ஒரு சிறு சம்மட்டி அடியாகக் கவை வழியே கழுத்திலுள்ள குண்டுகளுக்குப் போகிறது. குண்டுகள் வளையத்தில் பள்ளம் பதிக்கின்றன. அந்தப் பள்ளத்தில் கறள் குடியேறுகிறது. போதாததற்கு, மணல் படிந்த ரைல் தரையில் நைலோன் சில்லு மணலை அழுத்தித் தேய்த்துக் கீறலிடும். எனவே நைலோன் உட்புற மட்டத் தரைக்கும், நீர் ஊற்றிக் கழுவும் இடங்களுக்கும் மட்டுமே.

பொலியூரிதேன், கடைகளில் பியூ சில்லு என்று கேட்கப்படுவது, இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. றப்பரைவிடக் கூடுதல் பாரம் தாங்கும், குறைவாக நசுங்கும், தேய்மானத்தை நன்கு எதிர்க்கும், தரையில் கறை வைக்காது. மூட்டை வண்டிலுக்கு இதுவே என் முதல் தெரிவு. ஆனால் நம் ஊரில் இதை வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். அலுமாரியில் ஒருசில ஆண்டுகள் வைத்துவிட்டுத் திருமண வீட்டுக்குப் போட எடுத்த சப்பாத்தின் அடி, கையில் மாவாக உதிர்ந்துபோன அனுபவம் பலருக்கு இருக்கும். அந்த அடியும் பெரும்பாலும் பொலியூரிதேனே. வெப்பமும் ஈரமும் சேரும்போது நீர் அதன் வேதிப் பிணைப்புகளை அறுக்கிறது. பொலியெஸ்ரர் வகையைச் சேர்ந்த பொலியூரிதேனில் இது விரைவாக நடக்கும். பொலியீதர் வகை ஈரத்தை மிக நன்றாகத் தாங்கும். எந்த வகை என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், உற்பத்தியாளரின் விபரப் பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வாங்காமல் விடுவது நல்லது. அதேபோல, பொலியூரிதேன் எதன்மீது வார்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு நடுவம் பாரத்துக்கு உறுதியானது. ஆனால் உப்புக்காற்றில் அதன் விளிம்பில் தொடங்கும் கறள், ஒட்டுக்கு அடியில் ஊர்ந்து சென்று மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். 250 கிலோ அளவுக்கு நைலோன் நடுவம் போதும். அதற்குக் கறள் என்பதே இல்லை.

காற்றடைத்த ரயர் மணல் முற்றத்துக்கு மட்டும் உரியது. அகலமான தடம் மணலில் புதையாமல் மிதந்து செல்லும். நெருஞ்சிமுள்ளுக்கும் ஆணிக்கும் அது பலியாவதும், காற்றுக் குறைந்ததைக் கவனிக்காமல் தள்ளினால் பாரம் இரட்டிப்பதுபோல் ஆவதும் எல்லோரும் அறிந்தவை. உள்ளே நுரை நிரப்பிய, காற்றுத் தேவைப்படாத வகையும் உண்டு. மிருது சற்றுக் குறைவென்றாலும் பராமரிக்க ஆளில்லாத இடத்துக்கு அதுவே ஏற்றது.

வார்ப்பிரும்புச் சில்லு பட்டறைகளுக்குள் உருக்குச் சிராய்கள்மீது ஓடுவதற்கு உரியது. அரிசிக் களஞ்சியத்தில் அதற்கு வேலையில்லை.

கழுத்து

இனி மையமான விடயத்துக்கு வருகிறேன். கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது, தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த கழுத்து. அதன் நடுவே ஓர் ஊசி, அதாவது தறையப்பட்ட ஆணியோ போல்ட்டோ, தட்டையும் கவையையும் சேர்த்துப் பிடித்திருக்கும். தறையப்பட்ட ஆணி தளர்ந்துவிட்டால் இறுக்க வழியில்லை. கழற்றிக் கழுவவும் வழியில்லை. நட்டோடு கூடிய போல்ட் என்றால் இரண்டும் முடியும். மூன்றாவது வகையில் நடு ஆணியே இராது. பெரிய குண்டுவளையமே இரு பகுதிகளையும் பிணைத்து நிற்கும். அதிர்ச்சியில் தளர்வதற்கு அங்கே எதுவும் இல்லாததால் கரடுமுரடான முற்றத்துக்கு அது மிகச் சிறந்தது. விலை அதிகம், நம் பக்கத்துக் கடைகளில் சொல்லிவைத்துத்தான் எடுப்பிக்க வேண்டும்.

இந்த மூன்றையும் பார்த்தபின் எனது தெரிவு, நட்டால் திறக்கக்கூடிய, இரட்டைக் குண்டுவளையம் உள்ள, கிறீஸ் நிப்பிள் பொருத்திய கழுத்து. நிப்பிள் என்பது சிறு துண்டு. விலையில் பெரிய மாற்றம் செய்யாது. ஆனால் அது இருந்தால், புதிய கிறீஸைச் செலுத்தி உள்ளே புகுந்த மணலையும் உப்பு நீரையும் வெளியே தள்ள முடியும். அது இல்லாத கழுத்தில் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. பின்சுவரோரம் நான் பார்த்த வண்டில்களில் அத்தனையும் நிப்பிள் இல்லாத, தறையப்பட்ட கழுத்துகள்.

உலோகத்தின் மேற்பூச்சையும் ஒப்பிட வேண்டும். சாதாரணச் சில்லுகளில் இருப்பது மெல்லிய நாகமுலாம், அதாவது துத்தநாகப் பூச்சு. முதலில் வெண்பொடி தோன்றும். அது நாகம் தன்னைத் தின்னக்கொடுத்து இரும்பைக் காக்கும் அடையாளம். வெண்பொடிக்குப் பிறகு செம்பழுப்புத் தெரிந்தால் பாதுகாப்பு முடிந்துவிட்டது. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கவைகளில் 304, 316 என்ற இரு தரங்கள் வழக்கில் உள்ளன. கடலோரத்தில் 304 தேநீர்க்கறை படிந்ததுபோல் நிறம் மாறி, உப்பு தங்கும் இடங்களில் ஊசித்துளைகள் விழும். மொலிப்தனம் என்ற உலோகம் சேர்ந்த 316 உப்பை நன்கு எதிர்க்கும். கவை ஸ்ரெயின்லெஸ் ஆகவும் உள்ளிருக்கும் குண்டுகள் சாதாரண உருக்காகவும் இருக்கும் சில்லுகளும் விற்பனைக்கு வருகின்றன. வெளியே பளபளக்க, உள்ளே கறள் வேலை செய்யும். குண்டுகளும் ஸ்ரெயின்லெஸ்தானா என்று கேட்காமல் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கக் கூடாது.

உலர்ந்த மூட்டை கையாளும் களஞ்சியத்துக்கு 316 தேவையில்லை என்பதே எனது கருத்து. அதற்குச் செலவிடும் பணத்தில் திறக்கக்கூடிய கழுத்தும் மூடிய பெயாரிங்கும் வாங்கி, மீதியில் கிறீஸும் வாங்கலாம். ஆனால் வாழைச்சேனை போன்ற மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கரைந்த உப்புநீர் சொட்டச்சொட்ட மீன்பெட்டி தள்ளும் வண்டிலுக்கு, 316 கவையும் நைலோன் சில்லும் என்பதைத் தவிர வேறொன்றைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அச்சிலுள்ள பெயாரிங்கைப் பொறுத்தவரை, இருபுறமும் றப்பர் மூடி கொண்ட குண்டு பெயாரிங்கை எடுக்க வேண்டும். அதிலும் 6203, 6204 போன்ற பொது இலக்கமுள்ளவையாக இருந்தால் நல்லது. 6204 என்பது உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீற்றர் என்று உலகமெங்கும் ஒரே அளவு. மோட்டார் உதிரிப்பாகக் கடைகளிலேயே கிடைக்கும். பெயாரிங் போனால் சில்லையே எறிய வேண்டியதில்லை.

நிலைச்சில்லும் சுழல்சில்லும்

நான்கும் சுழல்சில்லாக இருந்தால் எப்பக்கமும் போகலாம் என்று பலர் விரும்புகிறார்கள். பக்கவாட்டில் நகர்த்த வேண்டிய நெருக்கமான இடங்களுக்கு அது பொருந்தும். நீண்ட நேர்வழியில் 400 கிலோவோடு போகும்போது அந்த வண்டில் பக்கவாட்டில் வழுகும். தள்ளுபவர் நேராக்கிக்கொண்டே போக வேண்டும். மூட்டை வண்டிலுக்கு முன்னால் இரண்டு நிலைச்சில்லும் கைப்பிடிப் பக்கம் இரண்டு சுழல்சில்லும் போதும். அதில் இன்னொரு இலாபமும் உண்டு: கெடக்கூடிய கழுத்து நான்கிலிருந்து இரண்டாகக் குறைகிறது.

பாண் தட்டுகளை அடுக்கும் உயரமான றாக்கைகளுக்கு வேறு கணக்கு. நான்கு சுழல்சில்லுகளும் ஒரே வேளையில் உட்புறம் திரும்பினால் றாக்கை நிற்கும் அடித்தளம் சுருங்குகிறது. ஆளுயர றாக்கை அந்த நிலையில் இலேசாகச் சரிந்துவிடும். ஆதலால் சில்லுகளைச் சட்டத்தின் மூலைகளிலேயே, முடிந்தால் சற்று வெளியே தள்ளிப் பூட்ட வேண்டும். விறகுப் போறணை உள்ள வெதுப்பகத்தில் றாக்கை வெளியேதான் நிற்கும். சுழலும் மின்போறணைக்குள் றாக்கையையே தள்ளும் இடங்களில், 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்துக்கென்று செய்யப்பட்ட சில்லும் அதற்குரிய கிறீஸும் வேண்டும். பொலியூரிதேனும் றப்பரும் அங்கே உருக்குலைந்துவிடும். சாதாரண நைலோனும் 220 பாகையளவில் உருகும்.

அலுவலகக் கதிரைகள் பற்றி ஒரு வார்த்தை: ரைல் தரையில் கெட்டியான பிளாஸ்திக் சில்லு வழுக்கியோடும். கடினமான தரைக்கு மென்மையான விளிம்புள்ள சில்லுதான் உரியது. அதன் விளிம்பு பெரும்பாலும் வேறு நிறத்தில் இருப்பதால் இனங்காண்பது எளிது.

பிறேக்கில், சில்லை மட்டும் பிடிப்பதும் கழுத்தையும் சேர்த்துப் பூட்டுவதும் என்று இரு வகை. நோயாளியை வைத்து நகர்த்தும் கட்டில்களுக்கும் உயரமான றாக்கைகளுக்கும் இரண்டாவது வகை அவசியம். றப்பர் தேய்ந்து விட்டம் குறைந்தால் பிறேக்கின் நாக்கு சில்லை எட்டாது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பூட்டும் முறை

எங்கள் பட்டறையில் நீண்ட காலம், தட்டை நேராகச் சட்டத்தோடு வெல்டிங் செய்து கொடுத்தோம். வேலை சீக்கிரம் முடிந்தது. அது பிழை என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். வெல்டிங் சூட்டில் கழுத்திலுள்ள கிறீஸ் எரிகிறது, நாகமுலாம் அழிந்து அந்த இடத்திலேயே கறள் தொடங்குகிறது, எரியும் நாகத்தின் புகையைச் சுவாசித்த தொழிலாளிக்கு அன்றிரவே காய்ச்சல் வரலாம். கழுத்து கெட்டால், சட்டத்தை வெட்டாமல் சில்லை மாற்றவும் முடியாது. தட்டுக்கு நான்கு துளையிட்டு, நைலோன் வளையமுள்ள நட்டுகளால் பூட்டுவதற்கு ஒரு வண்டிலுக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாகும். அந்த ஒரு மணித்தியாலம் வண்டிலின் ஆயுளைப் பல மடங்காக்குகிறது.

பராமரிப்பு

வாரத்துக்கு ஒருமுறை வண்டிலைக் கவிழ்த்து, அச்சில் சுற்றிய நூலை அறுத்தெடுக்க வேண்டும். களஞ்சியத்தில் அது சாக்குத் தையல் நூல். மருதமுனைக் கைத்தறிக் கூடங்களில் பாவுநூல். இந்த நூல் பெயாரிங்கின் றப்பர் மூடியை வெட்டிவிட்டால் பிறகு எந்தக் கிறீஸும் பயன்தராது. மாதம் ஒருமுறை நட்டுகளை இறுக்கி, கவையைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும்; தட்டுக்கும் கவைக்கும் இடையில் ஆட்டம் கையில் உணரப்பட்டால் நடுநட்டை இறுக்க வேண்டும், இறுக்கியும் நிற்காவிட்டால் மாற்ற வேண்டும்.

கிறீஸ் இடும்போது, நிப்பிள் வழியே பழைய அழுக்குக் கிறீஸ் வெளியே வரும்வரை செலுத்தி, வெளிவந்ததை முழுவதுமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட கிறீஸ் கச்சான் காலத்தில் மணலைப் பிடித்து, அரைக்கும் பசையாகிறது. நீரில் கரையாத, கல்சியம் சல்பொனேற் வகைக் கிறீஸ் உப்புநீருக்கு நன்கு நிற்கும். கிடைக்காவிட்டால் நல்ல லிதியம் கிறீஸ். கறளை இளக்கும் மெல்லிய எண்ணெயைத் தெளிப்பது இறுகிய நட்டைக் கழற்ற உதவும். கழுத்துக்கு அதையே உயவாக நம்பினால் உள்ளிருக்கும் கிறீஸும் கழுவுண்டு போகும். அழுத்தநீர்க் குழாயைப் பெயாரிங்குக்கு நேரே பிடிக்கவும் கூடாது. வெள்ளத்தில் வண்டில் மூழ்கிவிட்டால், நீர் வடிந்த அன்றே நல்ல நீரில் கழுவி, உலர்த்தி, புதுக் கிறீஸ் செலுத்த வேண்டும்; ஒரு வாரம் கழித்துச் செய்தால் பயனில்லை.

தள்ளும் பாரத்தை அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மீன் நிறுக்கும் கொழுக்கித் தராசைக் கைப்பிடியில் மாட்டிக் கிடையாக இழுத்தால் போதும். பிரித்தானியாவின் தொழிற் சுகாதார, பாதுகாப்பு அதிகார அமைப்பு தரும் வழிகாட்டல் அளவுகளின்படி, வண்டிலை நகர்த்தத் தொடங்கும்போது ஆண்களுக்கு ஏறத்தாழ 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. ஓடும்போது 10 கிலோ, 7 கிலோ. தராசு அதற்கு மேல் காட்டினால், சில்லையோ தரையையோ ஏற்றும் அளவையோ மாற்ற வேண்டும்.

கல்முனைக் களஞ்சியத்துக்கு எடுத்த முடிவு

நான்கு வண்டில்களும் ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்று உரிமையாளர் முதலில் விரும்பினார். முற்றத்தையும் உட்புறத்தையும் கூடவே நடந்து காட்டிய பிறகு சம்மதித்தார். உள்ளே ஓடும் மூன்றுக்கு, நைலோன் நடுவத்தில் வார்த்த பொலியீதர் வகைப் பொலியூரிதேன் சில்லு, 150 மில்லிமீற்றர், ஒவ்வொன்றும் 250 கிலோ. முன்னால் நிலைச்சில்லு, பின்னால் நிப்பிள் உள்ள திறக்கக்கூடிய கழுத்து. முற்றத்துக்கென்று ஒரு வண்டில். அதற்கு அகலமான, காற்றுத் தேவைப்படாத ரயர். ஏற்றும் அளவு நான்கு மூட்டை மட்டும். வாசல் தண்டின் இருபுறமும் சிமெந்தால் ஒரு சாண் அகலத்துக்குச் சாய்வு பூசினோம். எந்தச் சில்லு மாற்றத்தையும்விடக் குறைந்த செலவில் அதிகப் பயன் தந்தது அந்தப் பூச்சுத்தான். ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை.

பழைய மூன்று வண்டில்களின் கழுத்துகளை வெட்டி எடுத்துவிட்டு, சட்டங்களுக்குத் துளையிட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு புதிய வண்டிலின் சட்டத்திலும் கடைசியாகக் கிறீஸ் செலுத்திய மாதத்தை எழுத ஒரு வெள்ளைப் பட்டை பூசியிருக்கிறோம். வாடை தொடங்குமுன், ஒக்டோபரில், அதில் ஒரு திகதி ஏறியிருக்க வேண்டும் என்பது அந்தத் தம்பியோடு பேசி முடித்த ஏற்பாடு.